விதிக்குத் தெரு தெரியுமா?

பங்குனி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வலங்கைமானில் உயிரோடிருப்பவர்கள் பாடையில் படுக்கிறார்கள். பாடைக்காவடி என்று இதற்குப் பெயர். தீராத நோயில் கிடந்து, மகாமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தவர்கள் அவர்கள். குடமுருட்டியில் குளித்துவிட்டுப் பச்சை மூங்கில் பாடையில் கண்மூடிக் கிடப்பார்கள். பிணத்துக்குக் கட்டுவது போலவே கைகால்களையும் வாயையும் கட்டி, நெற்றியில் காசு வைத்து, முன்னால் கொள்ளிச்சட்டி போக, உறவுக்காரர்கள் தோள்கொடுத்துக் கோயிலுக்குத் தூக்கி வருவார்கள். கோயிலைச் சுற்றி வந்து, தீர்த்தம் தெளித்து, விபூதி இட்டதும் கட்டு அவிழும். கிடந்தவர் எழுந்து நடப்பார். இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு வாதமாகப் படுகிறது. சாவு வாசலுக்கு வந்துவிட்டது என்பதாலேயே அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியதில்லை என்று ஓர் ஊரே தெருவில் இறங்கி ஆண்டுதோறும் சொல்லும் வாதம். அந்த அம்மன் கதையும் அப்படித்தான். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பெண் குழந்தையை ஒரு குடும்பம் எடுத்து வளர்த்தது, அம்மை கண்டு அது சிறு வயதிலேயே இறந்தது, அந்தக் குழந்தையே மாரியம்மனாக வழிபடப்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். சாகக்கூடாத வயதில் செத்த ஒரு பிள்ளையை மறக்க மனமில்லாமல் அதன் காலில் விழுந்த ஊர் இது.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நாம் சொல்வதுண்டு. அந்த வகையில் ஒவ்வொரு பிரசவமும் ஒரு பாடைக்காவடிதான். பலர் எழுந்து வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வராதபோது நாம் உடனே எடுத்துக்கொள்ளும் சொல் விதி. தலையெழுத்து, ஊழ், முன்வினை, ஆண்டவன் சித்தம் என்று அதற்குப் பல பெயர்கள். தாய்மாரின் சாவும் பச்சைப்பிள்ளைகளின் சாவும் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் வருவதில்லை, சாதி பார்த்து வருகின்றன என்று தெரிந்த பிறகும் இந்தச் சொல்லை நாம் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைத் தேடி மதத்தை விட்டு வெளியே போகவும் வேண்டாம். இந்தக் காவிரிக்கரைச் சாமிகளிடமே அவை இருக்கின்றன.

முதலில் கணக்கு. தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16), பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையும் முன் இறந்தவை பட்டியல் சாதியினரிடம் 45, பழங்குடியினரிடம் 44, பிற பிற்படுத்தப்பட்டோரிடம் 42, இந்த மூன்றிலும் சேராத மற்றவர்களிடம் 32. ஐந்தாம் சுற்றில் (2019-21) நாட்டின் சராசரி 35 ஆக இறங்கியது. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சாவது மாறவில்லை. 45க்கும் 32க்கும் இடையே ஆயிரத்துக்குப் பதின்மூன்று குழந்தைகள். வேறு தெருவில் பிறந்திருந்தால் அந்தப் பதின்மூன்றும் பிழைத்திருக்கும். விதி என்பது தனித்தனி உயிருக்கு எழுதப்படுவது. ஒருத்திக்கு ஏன் அப்படி எழுதப்பட்டது என்றால் பதில் கிடையாது. பதில் கிடையாது என்பதற்காகத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கான தலையெழுத்துகளைக் கூட்டிப் பார்க்கும்போது அவை ஊர், சேரி என்று பிரிந்து நிற்குமானால், அங்கே பதில் வந்துவிடுகிறது. ஊரையும் சேரியையும் பிரித்த கைதான் அதையும் எழுதியிருக்கிறது.

எப்படி எழுதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பேறுகாலச் சாவுக்கான பெரிய காரணங்களில் ஒன்று, பிள்ளை பிறந்தபின் நிற்காமல் போகும் ரத்தப்போக்கு. கர்ப்பப்பை சுருங்கவில்லை என்றால் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவள் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். அவளைக் காப்பாற்றுவதற்கு வேண்டியவை அபூர்வமானவை அல்ல: சரியான நேரத்தில் ஓர் ஊசி, ஏற்றுவதற்கு ரத்தம், ஏற்றத் தெரிந்த கை, அந்தக் கையிடம் கொண்டுசேர்க்க ஒரு வண்டி. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளோ மற்றவள் தாங்கும் இழப்பைத் தாங்கமாட்டாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் சுற்று சொல்கிறது. கர்ப்பிணிகளில் 48 விழுக்காடு. வலங்கைமான் இருக்கும் திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. விகிதத்தில் மாநிலத்திலேயே இதுதான் முதலிடம். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களின் கையில். வாயும் வயிறுமாக இருப்பவளும் சம்பா நடவுக்குச் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒருநாள் இறங்காவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. அவளுடைய அம்மாவும் பாட்டியும் இதே சேற்றில் நின்றவர்கள். பண்ணையாள்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதுவும் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பல ஆண்டுகள் செங்கொடி பிடித்த பிறகு. கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்ட தகராறு முற்றி 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. வயிறு நிறையாமல் வளர்ந்த பெண் சிறுத்துப்போகிறாள். சிறுத்துப்போனவளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. எடை குறைந்த பிள்ளைதான் முதல் மாதத்தில் முதலில் போகிறது. மறுக்கப்பட்ட நெல் மூன்று தலைமுறை தாண்டி ஒரு தொட்டிலில் வந்து கணக்குக் கேட்கிறது. முன்வினை என்ற சொல்லுக்கு நான் கண்ட பொருள் இதுதான், ஆனால் அந்த வினை இறந்த குழந்தை செய்தது அல்ல.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: இது சாதி அல்ல, வறுமை, பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். வறுமைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வறுமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மீதி நிற்கிறது. ஒன்பது இந்திய மாநிலங்களின் தரவைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேல்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுக்கு மேலும் பழங்குடியினருடையது நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்றும், சொத்து வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இடைவெளி மறைவதில்லை என்றும் கண்டது. அமெரிக்காவில் நிறத்தின் பெயரால் நடப்பது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2023இல் அங்கே ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 50 பேரும் வெள்ளையினத் தாய்மார் 14 அல்லது 15 பேரும் இறந்தார்கள். படிப்பும் வருமானமும்தான் காரணம் என்றால், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிடப் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். 2019இல் வெளியான அந்நாட்டு அரசின் ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது: பட்டம் பெற்றவள்தான் அதிகமாகச் சாகிறாள். 2017இல் மகளைப் பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், தன் நுரையீரலில் ரத்தம் உறைகிறது என்று தானே உணர்ந்து சொல்லியும், பரிசோதனைக்காக மன்றாட வேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார். உலகமே அறிந்த உடம்பு அது. வலிக்கிறது என்று சொல்பவளின் சொல்லை நம்புவதற்கு முன் அவள் யார் என்று பார்க்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் பணம் ஓரளவுக்குத்தான் துணைக்கு வரும்.

அமெரிக்க நிறவெறியை அநீதி என்று புரிந்துகொள்ள நமக்கு ஒரு நொடி போதும். புலம்பெயர்ந்த நம் மக்களுக்கு நடந்தாலும் அப்படித்தான். வலங்கைமானில் 1869இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பயணம் போய் அங்கே குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை கேட்டவர். 1927இல் இந்தியாவின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனவர். டர்பனில் ஒரு தமிழனை நிறம் பார்த்து ஒதுக்கியபோது அது அவன் முன்வினை என்று இந்த மண்ணில் யாரும் சமாதானம் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் செய்கிறான் என்று தெளிவாகத் தெரிந்தது. செய்கிறவன் வேறொருவனாக இருக்கும்போது அநீதி, நாமாக இருக்கும்போது விதி என்று சொல்வதானால், நாம் பேசுவது தத்துவம் ஆகாது.

இனி, உண்மையான மறுப்பு. மதத்தை ஆழமாக நம்பும் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: எந்தக் குடியில் பிறப்பது என்பதே வினையால் ஆவது; அந்தக் குடிக்கு வரும் துன்பமும் அதே வினையின் பயன்; உங்கள் புள்ளிவிவரம் என் கொள்கையைப் பொய்யாக்கவில்லை, மெய்ப்பிக்கிறது. இந்த வாதத்துக்குப் பெரிய உரையாசிரியரின் துணையும் உண்டு. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் காட்டும் குறளுக்கு, அறத்தின் பயனைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம் என்று பரிமேலழகர் உரை எழுதினார். சுமக்கிறவனிடமும் சவாரி செய்கிறவனிடமும் போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று வள்ளுவர் தடுப்பதாகப் பிற்காலத்தவர் பொருள் கண்டார்கள். எது வள்ளுவர் கருத்து என்பது இலக்கண அறிஞர்களின் வழக்கு. ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். கர்மக் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும்கூட, துன்பப்படுகிறவளைப் பற்றித்தான் அது பேசுகிறது. பக்கத்தில் நிற்கிறவன் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று அது எங்கே சொல்கிறது? தன் மகளுக்கு இடுப்புவலி கண்டால் எந்த வேதாந்தியும் வினை தீரட்டும் என்று உட்கார்ந்திருப்பதில்லை, கார் பிடித்துக் கும்பகோணம் போகிறார். அவர் செய்வது சரி. அந்தச் சரி எல்லார் மகளுக்கும் சரி.

வலங்கைமானுக்கு அக்கம்பக்கத்திலேயே இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை அறியாத கர்ப்பிணி இந்தப் பகுதியில் இல்லை. அந்தத் தலக்கதையில் நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை நிறைசூலியாகச் சோர்ந்து கிடக்கிறாள். வாசலுக்கு வந்த ஊர்த்துவபாதர் என்ற முனிவரை எழுந்து உபசரிக்க அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. அவர் சபிக்கிறார், கரு கலைகிறது. இதைவிடத் தெளிவான விதி இருக்க முடியுமா? காரணம் தெரியும், சபித்தவர் பெயர் தெரியும், சாபத்தின் பின்னால் தவவலிமையும் இருக்கிறது. அம்பாள் அந்தச் சாபம் நியாயமா என்று விசாரிக்கவில்லை. வேதிகை முற்பிறப்பில் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. கலைந்த கருவைக் குடத்தில் ஏந்திக் காத்துப் பிள்ளையாக்கிக் கொடுக்கிறாள். களைத்துப்போன கர்ப்பிணி வேலைக்கு எழவில்லை என்பதற்குத் தண்டனை கொடுத்தது தவம் செய்தவரின் கோபம், அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்தது தெய்வம். நடவுக்கு எழ முடியாமல் கிடக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான சாமி யார்?

திருச்சி மலைமேல் இருக்கும் தாயுமானவர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுபோக, மகள் ரத்னாவதி வலியில் துடிக்க, சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சாதி ஒழுக்கத்தின் கண்ணில் பிரசவத்தைவிடப் பெரிய தீட்டு குறைவு. ரத்தமும் நீரும் நஞ்சுக்கொடியும் தொட வேண்டிய வேலை என்பதால்தான் அதை மருத்துவச்சியிடம் தள்ளினோம். நாவிதர் குலத்துப் பெண்ணோ, சில ஊர்களில் சேரியிலிருந்து வரும் பெண்ணோ பிள்ளையைப் பிடித்து, கொடி அறுத்து, குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுக் கொல்லைவழியாகப் போவாள். உலகத்தில் தன்னை முதலில் தொட்ட கை அவளுடையது என்பதை அந்தப் பிள்ளை வளர்ந்ததும் மறந்துபோகும். அவளைத் திண்ணையில் ஏறவிடாது. சிவனைப் பிரசவ அறைக்குள் கொண்டுவந்து அந்த வேலையைச் செய்யவைத்த கதையைக் கட்டியவர்கள் இதை உணர்ந்துதான் கட்டினார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கதை உணர்ந்திருக்கிறது. வெள்ளம் குறுக்கே நின்றபோது அது விதி என்று சொல்லாமல், கடவுளையே அக்கரையிலிருந்து வரவழைத்திருக்கிறது.

மருத்துவமனை வந்ததும் தீட்டு ஒழிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு, மருந்தைக் கையில் படாமல் கொடுப்பதையும், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குள் வராமல் திரும்புவதையும், பேசும் நேரம் சுருங்குவதையும் பதிவுசெய்தது. தொடாமல் வயிற்றைப் பரிசோதிக்க முடியாது. தொடாமல் ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. பேறுகால வலிப்பு வரப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டுவது அந்த ரத்த அழுத்தம்தான். தமிழ்நாட்டின் பிரசவ வார்டுகளைப் பற்றி செசிலியா வான் ஹோலன் 2003இல் வெளியிட்ட நூலில், ஏழைப் பெண்கள் வசவையும் கையூட்டுக் கேட்பதையும் பிரசவத்தோடு சேர்த்தே அனுபவித்ததைக் காணலாம். அவமானப்பட்ட இடத்துக்கு அடுத்த முறை ஒருத்தி தாமதமாகத்தான் வருவாள். தாமதம்தான் கொல்கிறது.

ஆறுதல் என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் விதி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா? கூடாது. அவள் சொல்லும்போது அது தாங்கிக்கொள்வதற்கான சொல். அதை அவள் சொல்லட்டும். அதே சொல்லை வார்டில் இருந்தவரோ ரோட்டைப் போடாதவரோ கூலியைக் கொடுக்காதவரோ சொல்லும்போது அது தப்பித்துக்கொள்வதற்கான சொல். ஒரே சொல்தான், வாய் மாறும்போது அறம் மாறிவிடுகிறது. செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்த கிசாகோதமியிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். அவள் எந்த வீட்டிலும் வாங்க முடியாமல் திரும்பித் தெளிந்தாள். அந்த ஆறுதல் ஏன் செல்லுபடியாகிறது? சாவு எல்லா வீட்டுக்கும் பொது என்பதால். அவள் இன்று நம் ஊரில் நடந்து, ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு பச்சைப்பிள்ளைச் சாவையும் இன்னொரு தெருவில் எப்போதோ ஒன்றையும் கண்டிருந்தால், தெளிந்து திரும்பியிருக்க மாட்டாள். ஏன் என்று கேட்டிருப்பாள்.

தமிழ்நாடு எவ்வளவோ செய்துவிட்டதே என்பது கடைசி மறுப்பு. இதில் உண்மை நிறைய இருக்கிறது, அதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 வண்டி, வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி. பிறப்பைக் காட்டி எதிர்ப்பு எழுந்தும் புதுக்கோட்டைக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர் அவர். அந்த உதவித்தொகை முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. மூன்றாவது பிள்ளை யார் வீட்டில் பிறக்கிறது, அதிகம் தேவைப்படுவது யாருக்கு என்று யோசித்தால் உங்களுக்கும் உறுத்தும். இவ்வளவு சாவைக் குறைத்திருக்கிறோம் என்பதே என் வாதத்துக்குப் பெரிய சான்று. ஊசியும் ரத்தமும் வண்டியும் கொடுத்தால் பின்வாங்கும் ஒன்று எப்படி விதியாகும்? பின்வாங்காமல் மிச்சமிருக்கும் பகுதி எந்தத் தெருவில் தங்கியிருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் நேரடியான பதில் இல்லை என்பது தற்செயல் அல்ல. தாய்மார் இறப்பு விகிதத்தை மாதிரிப் பதிவு முறை மாநிலவாரியாக வெளியிடுகிறது, வயதுவாரியாக வெளியிடுகிறது, சாதிவாரியாக வெளியிடுவதில்லை. அமெரிக்காவில் கறுப்பினத் தாய் எவ்வளவு அதிகமாகச் சாகிறாள் என்று உலகத்துக்கே தெரிவதற்குக் காரணம், அவர்கள் அதை எண்ணி வெளியிடுகிறார்கள். சாதியை எண்ணினால் சாதி வளரும் என்று நல்ல மனத்தோடு சிலர் அஞ்சுகிறார்கள். சாவு எண்ணிக்கொண்டுதான் வருகிறது. நாம் மட்டும் எண்ணாமல் இருப்பதால் அது குறையப்போவதில்லை.

மதத்தின் கேள்வியை நிர்வாகத்தின் அறைக்குள் கொண்டுபோக ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு பெண்ணின் சாவையும் ஆராயும் வழக்கத்தைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கிவிட்டது. இறந்தவளின் வீட்டாரையும் கூப்பிட்டு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், புறப்பட ஏன் தாமதம், வழியில் ஏன் தாமதம், வந்து சேர்ந்தபின் ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள். அந்த அறையில் விதி என்பது பதிலாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. நம் அரசு அமைப்புகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ள வழக்கம் இது. திருக்கருகாவூர் அம்பாளின் வழக்கமும் இதுவே. அங்கே இன்னும் சில கேள்விகளையும் சேர்க்க வேண்டும். வண்டி காலனிவரை வந்ததா, ஊர் முகப்பிலேயே நின்றதா? செவிலியர் வீட்டுக்குள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா, வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போனாரா? வலிக்கிறது என்று அவள் சொன்னபோது யார் நம்பினார்கள், எத்தனையாவது தடவையில்? இவற்றை மருத்துவரிடம் கேட்டால் போதாது. அதே அறையில் ஓரமாக ஒரு நாற்காலியில் இறந்தவளின் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.